கியாக்தானில் ஒரு பெட்டியடிப் பையன்

புலம்பெயர்ந்து வந்த எங்கள் குடும்பங்களில் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேச்சு எழாத நாளே இல்லை எனலாம். டொக்டர், எஞ்சினியர் என்ற இரண்டு சொற்களுக்கு அப்பால் மூன்றாவது சொல்லை நாம் காதில் வாங்கிக் கொள்வதில்லை. இப்படியான ஒரு வீட்டில் நடந்ததையும், அதன் நடுவே பர்மா நாட்டில் ரங்கூனுக்குத் தெற்கே உள்ள கியாக்தான் என்னும் ஊருக்கு நாங்கள் போய் வந்ததையும் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். பயணம் பர்மாவுக்கு என்றாலும் கதை ஆரம்பிப்பது சுவிற்சர்லாந்தில், எங்கள் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கிடந்த ஒரு கடதாசியில்தான். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறோம்.

ஐந்து நாள் பழகல்

2019 ஒக்டோபர் விடுமுறையில் அக்காவின் மகள் ஒரு பெரிய விற்பனை நிறுவனத்தின் கிளைக் கடையில் ஐந்து நாட்கள் வேலை பழகப் போனாள். அப்போது அவளுக்கு 15 வயது, ஒன்பதாம் வகுப்பு. இதனை இங்கே 'ஸ்னுப்பர்லேர' என்று சொல்வார்கள். 'ஸ்னுப்பர்ன்' என்றால் முகர்ந்து பார்ப்பது. ஒரு தொழிலை மூன்று வருடம் இருந்து கற்பதற்கு முன், அது தனக்கு ஒத்துவருமா என்று பிள்ளை சில நாட்கள் முகர்ந்து பார்க்கிறது. இந்தப் பிள்ளை தங்களுக்கு ஒத்துவருமா என்று கடைக்காரரும் பார்க்கிறார்கள். புதிதாக வந்திருக்கும் குடும்பங்கள் ஒன்றை அறிந்திருப்பது நல்லது. இந்த நாட்டில் கட்டாயப் பள்ளிப்படிப்பை முடிக்கும் பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் போவது 'லேர' எனப்படும் இந்தத் தொழிற்கல்விப் பாதையில்தான். இது படிப்பு ஓடாத பிள்ளைகளை ஒதுக்கி வைக்கும் இடம் அல்ல.

முதல் நாள் அவளைப் பால், தயிர் வைக்கும் குளிர் அறைப் பக்கம் விட்டார்களாம். பழைய திகதிப் பொருளை முன்னுக்கு இழுத்து, புதிய திகதியைப் பின்னுக்கு அடுக்க வேண்டும். பெட்டி வெட்டும் கத்தியைத் தன் பக்கமாக இழுக்காமல் வெளிப்பக்கமாக வெட்ட வேண்டும். கடைக்கு வருபவர் ஒரு சாமான் எங்கே என்று கேட்டால் கையை நீட்டிக் காட்டாமல் கூடவே நடந்து போய்க் காட்ட வேண்டும். இரண்டாம் நாள் மரக்கறி, மூன்றாம் நாள் பாண் அடுப்பு, நான்காம் நாள் காசு வாங்கும் பெண்ணுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தல். பின்னேரம் வீட்டுக்கு வந்து கால் வீங்கியிருக்கிறது என்று வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு இருந்தவள், அப்படி இருந்தபடியே அன்று நடந்த எல்லாவற்றையும் சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.

ஐந்தாம் நாள் பொறுப்பாளர் கூப்பிட்டு, மதிப்பீட்டுத் தாளை முன்னுக்கு வைத்துப் பேசினார். நேரத்துக்கு வருதல், சுத்தம், வேகம், மரியாதை எல்லாம் நல்லது என்று போட்டிருந்தது. ஓரிடத்தில் மட்டும் குறைவாகப் போட்டிருந்தார்கள்: "கேள்வி கேட்பதில்லை, பேசும்போது முகத்தைப் பார்ப்பதில்லை." அவள் அழுதுகொண்டு வந்தாள். பெரியவர்கள் சொல்லும்போது தலையைக் குனிந்து கேள், எதிர்த்துக் கேள்வி கேட்காதே என்று வளர்த்தது நாங்கள். அதை மரியாதை என்று நாங்கள் சொல்லிக் கொடுத்தோம். அவர்கள் அதை அக்கறை இல்லை என்று எடுத்துக்கொண்டார்கள். பிழை பிள்ளையில் இல்லை. ஆனாலும் அவள் அடுத்த கிழமை தானாகவே போய், "எனக்குப் பன்னிரண்டு கேள்வி இருக்கிறது" என்று எழுதிக்கொண்டு போனதைக் கேட்டிருக்கிறாள். நவம்பர் மாதம் 'லேர' ஒப்பந்தம் தபாலில் வந்தது. மூன்று வருடம், 2020 ஓகஸ்ட் மாதம் ஆரம்பம், பெற்றோரின் கையெழுத்து வேண்டும்.

அத்தான் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று விட்டார்.

"கடையிலை பெட்டி உடைக்கவோ நாங்கள் இவ்வளவு கடல் தாண்டி வந்தனாங்கள்? ஊரிலை என்ன சொல்லுறது? மகள் கடைக்குப் போறாள் எண்டோ?" என்பது அவரது கேள்வி. அவரைக் குறை சொல்ல முடியாது. இருபது வருடமாக உணவகத்தில் கோப்பை கழுவிய மனிதர். தான் நின்ற இடத்தில் தன் பிள்ளை நிற்கக் கூடாது என்பதுதான் அவரது ஒரே ஆசை. எங்கள் தொழிற்சாலையில் எங்களுக்கு மேலே நிற்கும் போர்மன் பதினாறு வயதில் 'லேர' செய்து வந்தவர் என்றும், பள்ளியை இடையில் விட்ட எங்களுக்கு இன்றைக்கும் அந்தத் தாள் இல்லாததால்தான் சம்பளம் ஏறவில்லை என்றும் சொல்லிப் பார்த்தோம். அவர் கேட்கவில்லை. ஒப்பந்தம் மேசையில் கிடந்தது.

அப்போதுதான் அம்மா வாய் திறந்தார். "உங்கட தாத்தாவும் பதின்மூன்று வயசிலை கியாக்தானிலை பெட்டிக்குப் பக்கத்திலை குந்தியிருந்து பழகினவர்தான். அதாலைதான் நாங்கள் எல்லாரும் சாப்பிட்டனாங்கள்." தன் தகப்பன் பழகிய அந்த ஊரை ஒரு தரம் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. மார்கழி விடுமுறைக்குப் போவது என்று முடிவாயிற்று. பயணப் பத்திரத்துக்கும் விசாவுக்கும் பட்ட பாடு தனிக்கதை. ஒப்பந்தத்துக்கு ஜனவரி நடுப்பகுதி வரை தவணை கேட்டுவிட்டு, அம்மா, அக்கா, அத்தான், மகள், நாங்கள் என எல்லோருமாகப் புறப்பட்டோம்.

ரங்கூன்

ரங்கூன் நகரம் இன்று யங்கோன் என்று அழைக்கப்படுகிறது. எங்கள் அம்மாவின் வாயில் அது எப்போதும் ரங்கூன்தான். 1931 ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அந்நகரின் ஏறத்தாழ 4 இலட்சம் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்கள். இன்றும் நகரின் நடுப்பகுதியில் கோபுரங்களைக் காணலாம். தமிழர்கள் 1871 இல் கட்டிய காளி கோயில் அவற்றுள் ஒன்று. அங்கே லுங்கி கட்டி, கன்னத்தில் தனாகா மரச்சாந்து பூசிய பெண்கள் கற்பூரம் கொளுத்திக் கும்பிடுவதைப் பார்த்ததும் அம்மா கண் கலங்கினார்.

மாநகர சபைக் கட்டடத்துக்குப் பக்கத்தில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு பெரிய கட்டடம் நிற்கிறது. வெள்ளையர் காலத்தில் அது 'ரோ அண்ட் கம்பனி' என்ற புகழ்பெற்ற பெருங்கடை. நாங்கள் போனபோது வங்கியாக இருந்தது. அக்காலத்தில் ரங்கூனில் பெருங்கடை என்றால் அதுதான். இக்காலத்தில் நகரமெங்கும் காணப்படுவது 1996 இல் ஆரம்பிக்கப்பட்ட சிட்டி மார்ட் என்னும் கடைத்தொடர். தண்ணீர்ப் போத்தல் வாங்க அக்கடை ஒன்றுக்குள் நுழைந்தோம். எங்கள் பிள்ளை நேரே பால் இருக்கும் பக்கம் போய்த் திகதிகளைப் பார்த்துவிட்டு, "மாமா, இங்கையும் பழசு முன்னுக்குத்தான்" என்றாள். அத்தான் ஒன்றும் பேசவில்லை.

சிரியம் தாண்டி

மறுநாள் காலை ஒரு வான் பிடித்துக் கியாக்தான் புறப்பட்டோம். ரங்கூனுக்குக் கிழக்கே பெகு ஆறு ஓடுகிறது. தாத்தாவின் காலத்தில் அதனைப் படகில்தான் கடக்க வேண்டும். 1993 இல் திறக்கப்பட்ட நீண்ட பாலத்தில் இப்போது ரயிலும் வாகனமும் போகின்றன. பாலம் தாண்டினால் சிரியம். இன்றைய பெயர் தன்லின். முன்பு போர்த்துக்கேயர் கோட்டை பிடித்திருந்த இடம். பின்னர் பர்மா எண்ணெய்க் கம்பனியின் பெரிய சுத்திகரிப்பு ஆலை இங்கே எழுந்தது. தென்னிந்தியத் தொழிலாளர் பலர் அதில் உழைத்தனர். 1942 மார்ச் மாதம் ஜப்பானியர் கையில் சிக்கக் கூடாது என்று வெள்ளையரே அதனைக் கொளுத்திவிட்டுப் போனார்கள்.

சிரியத்துக்கு அப்பால் இருபுறமும் வயல். அறுவடை முடிந்து ஒட்டு மட்டும் நின்றது. கிளிநொச்சிப் பக்கத்து வயல்வெளியைப் பார்த்தது போலவே இருந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன் உலகிலேயே அதிக அரிசி ஏற்றுமதி செய்த நாடு பர்மா. அந்த அரிசி விளைந்தது இப்படியான ஆற்றுமுகத் தாழ்நிலங்களில். இலங்கையில் நம்முடைய பாட்டன், பூட்டன் சாப்பிட்ட சோற்றிலும் இந்த மண்ணின் பங்கு உண்டு.

இப்பகுதியில் பீலிக்கான் என்னும் இடத்தில் அங்காள பரமேசுவரி முனீசுவரர் கோயில் இருக்கிறது. பர்மாத் தமிழர் எல்லோருக்கும் தெரிந்த கோயில். பர்மாவை விட்டு வெளியேறிய தமிழர்கள் இந்திய எல்லையில் மணிப்பூரின் மோரே என்னும் ஊரில் தங்கிவிட்டபோது, அங்கும் இதே தெய்வங்களின் பெயரில் ஒரு கோயிலை எழுப்பிக்கொண்டார்கள். வீடு வாசல் போனாலும் சாமியின் பெயரைக் கையோடு கொண்டுபோவது எமது இனத்தின் வழக்கம் போலும்! நாங்கள் தேங்காய் உடைத்துவிட்டுப் புறப்பட்டோம்.

கியாக்தான் என்பதற்குக் கல் வரிசை என்று பொருள். எழுதுவது இப்படியென்றாலும் பர்மியர் வாயில் அது 'சௌதான்' என்பது போல ஒலிக்கிறது. அம்மா "கியாக்தான், கியாக்தான்" என்று சொல்ல, வான்காரருக்கு முதலில் விளங்கவேயில்லை. சிறிய கடைத்தெரு, ஒரு சந்தை, ஆற்றங்கரை, அவ்வளவுதான் ஊர். ஆனால் ஆற்றின் நடுவே ஒரு சிறு திட்டில் பொன்னிறக் கோபுரங்களோடு ஏலே பகோடா நிற்கிறது. ஏலே என்றால் நீர் நடு. வெள்ளம் எவ்வளவு பெருகினாலும் அத்திட்டு மூழ்காது என்றும், எவ்வளவு பேர் வந்தாலும் இடம் போதாமல் போகாது என்றும் ஊரார் நம்புகிறார்கள்.

பெட்டியும் பையனும்

தாத்தாவின் கதைக்கு வருவோம். தேவகோட்டைப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவர். 1934 இல் பதின்மூன்று வயதில், அயலூர்ச் செட்டியார் ஒருவரின் கடைக்குச் சமையல் எடுபிடியாகச் சென்னையிலிருந்து கப்பல் ஏறினார். கடை என்று நாம் சொன்னாலும் அது சாமான் விற்கும் கடையல்ல, வட்டிக்கடை. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மா முழுவதும் பரவியிருந்தார்கள். 1930 அளவில் அந்நாட்டில் அவர்களுக்கு ஏறத்தாழ 1,650 கடைகள் இருந்தன. பல கடைகள் ஒரே மண்டபத்தில் இருக்கும். அந்த மண்டபத்துக்குக் கிட்டங்கி என்று பெயர். ஒவ்வொரு கடைக்கும் தரையில் ஒரு பாய், ஒரு சாய்வு மேசைப் பெட்டி, பின்னால் ஒரு இரும்புப் பெட்டி. ரங்கூனில் மொகல் தெருக் கோயிலில் செட்டியார்கள் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டி இவ்வளவு என்று தீர்மானிப்பார்கள். அந்த விகிதம் கியாக்தான் போன்ற சிற்றூர்க் கடை வரைக்கும் வந்து சேரும். மொகல் தெருவுக்கு இன்றைய பெயர் சுவே பொந்தா தெரு.

அந்தக் கடைகளில் வேலை பழகுவதற்கு ஒரு படிமுறை இருந்தது. முதற்படி 'பெட்டியடிப் பையன்'. பெட்டிக்கு அடியில், அதாவது பக்கத்தில், இருந்து கூப்பிட்ட குரலுக்கு ஓடுபவன். காலையில் கூட்டித் தண்ணீர் தெளித்து, விளக்கேற்றி, மை கரைத்து வைத்து, கடிதம் கொண்டுபோய்க் கொடுத்து, நாணயத்தை எண்ணி அடுக்கிப் பழகுவான். அவனுக்கு மேலே 'அடுத்தாள்'. அவருக்கும் மேலே கடையை நடத்தும் 'மேலாள்'. மேலாளுக்கு மூன்று வருடம் ஒரு தவணை. தவணை முடிந்ததும் கணக்கை முடித்து ஐந்தொகை காட்டிவிட்டு ஊருக்குப் போகலாம். மூன்று வருடம்! எங்கள் பிள்ளையின் ஒப்பந்தத்திலும் அதே மூன்று வருடம்தான் இருந்தது.

தாத்தாவின் கையெழுத்து நன்றாக இருப்பதைக் கண்டு, சமையலறையில் இருந்தவரைப் பெட்டியடிக்கு இழுத்துவிட்டார்கள். குறிப்பில் அன்றாட வரவு செலவை எழுதுவது, அதைப் பேரேட்டுக்கு மாற்றுவது என்று படிப்படியாகக் கற்றார். கணக்கு எல்லாம் வாய்ப்பாடு. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று, மாகாணி என்றால் பதினாறில் ஒன்று, மா என்றால் இருபதில் ஒன்று, முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று. இரவில் விளக்கை அணைத்த பிறகு மேலாள் இருட்டில் படுத்தபடி கேட்பாராம். பையன்கள் இருட்டில் இருந்தே பதில் சொல்ல வேண்டும். ஓர் அணா குறைந்தால் அது கிடைக்கும் வரை யாருக்கும் சோறு இல்லை. கேள்வி கேட்கும் உரிமை மேலாளுக்கு மட்டும்தான். பையன் பார்த்துப் பார்த்துத்தான் படிக்க வேண்டும்.

இதை அம்மா வானுக்குள் சொல்லிக்கொண்டு வந்தபோது எங்கள் பிள்ளை குறுக்கிட்டாள். "அப்ப பூட்டனுக்கு மதிப்பீட்டுத் தாளிலை 'கேள்வி கேட்பதில்லை' எண்டு நல்ல புள்ளி போட்டிருப்பினம்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அத்தானும் சிரித்தார். அவர் சிரித்தது அந்தப் பயணத்தில் அதுவே முதல் தடவை.

சந்தையில் ஒரு பெரியவர்

தாத்தா இருந்த கிட்டங்கி எங்கே இருந்தது என்று தேடினோம். கண்டுபிடிக்க முடியவில்லை. சந்தைக்குள் பருப்பும் மிளகாயும் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் வான்காரர் பர்மிய மொழியில் விசாரித்தார். அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வாங்க, வாங்க, உட்காருங்க" என்று தமிழில் சொன்னபோது எங்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது. எண்பது வயதுக்கு மேல் இருக்கும். பர்மியப் பெயர்தான் வழங்குகிறதாம். வீட்டுக்குள் வேறு பெயர்.

"கிட்டங்கி எல்லாம் சண்டையோட போச்சுங்க. நான் பொறந்தப்பவே செட்டியாருங்க பாதிப் பேர் கிளம்பிட்டாங்க" என்றார். அவரது தகப்பனார் சந்தைக்கு அருகே சாமான் கடை வைத்திருந்தார். இவரும் சிறு வயதிலேயே அங்கே நின்று பழகியவர். 1962 இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1964 மார்ச் மாதம் ரங்கூனில் கடைகளை அரசு எடுத்தது; பிறகு நாடெங்கும் அதே கதை. கடைகளுக்கு இலக்கம் போட்டு 'மக்கள் கடை' என்று பலகை மாட்டினார்கள். அதே வருடம் மே மாதம் 50, 100 கியாற் தாள்கள் செல்லாது என்றும் அறிவித்தார்கள். அந்த வருடங்களில் ஏறத்தாழ 3 இலட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள். இவரது அண்ணன்மார் கப்பலில் சென்னைக்குப் போனார்கள். தகப்பனார் படுத்த படுக்கையாக இருந்தபடியால் இவர் நின்றுவிட்டார்.

"கடைய எடுத்துக்கிட்டாங்க. அப்புறம் அந்தக் கடையில கணக்குப் பார்க்க ஆள் இல்லேன்னு என்னயே கூப்பிட்டாங்க. எங்க கடையிலயே நான் சம்பளத்துக்கு நின்னேன், அத்தனை வருஷம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பருப்பை அளந்தபடியே சொன்னார். பிறகு அத்தானைப் பார்த்து, "பாப்பா என்ன படிக்குது?" என்று கேட்டார்.

அத்தான் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "கடை வேலை பழகக் கேட்டிருக்கினம்" என்றார். அத்தானின் வாயிலிருந்து வெட்கமில்லாமல் அது வந்ததை நாங்கள் அன்றுதான் கேட்டோம்.

"எழுதிக் கொடுப்பாங்களா? பழகினதுக்குக் காயிதம் குடுப்பாங்களா?" என்று பெரியவர் கேட்டார். ஆம், அரசாங்கச் சான்றிதழ் கிடைக்கும் என்று பிள்ளை சொன்னதை நாங்கள் விளக்கினோம். "அப்ப விடுங்க. எங்ககிட்ட அது இல்லே" என்றார்.

இந்த இடத்தில் எங்கள் தாத்தாவை நினைத்துக்கொண்டோம். எட்டு வருடம் பழகி, அடுத்தாள் என்ற நிலைக்கு வந்துகொண்டிருந்தவர் அவர். 1941 டிசம்பர் 23 ஆம் திகதி ரங்கூனில் குண்டு விழுந்தது. 1942 மார்ச் 8 ஆம் திகதி நகரம் ஜப்பானியர் வசமாயிற்று. இந்தியர் ஏறத்தாழ 5 இலட்சம் பேர் தரை வழியாக ஓடினார்கள். தாத்தா புரோமிலிருந்து தௌங்குப் கணவாய் வழியாக அரக்கான் கரைக்கு நடந்து, படகில் சிட்டகாங் போய்ச் சேர்ந்தவர். வழியெல்லாம் கொலரா. கையில் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. பின்னர் கொழும்பு செட்டியார் தெருவில் ஒரு கடையில் வேலை கேட்டபோது, இவர் எவ்வளவு படித்தவர் என்று காட்ட எந்தச் சான்றும் இல்லாததால் 21 வயதுக்கு மேல் மறுபடியும் பெட்டியடிப் பையனாகவே இருத்தினார்களாம். மாத்தளையில் சொந்தமாக ஒரு சிறு கடை போடும் வரை அவர் அடுத்தாளாகவில்லை. அந்தக் கடையும் 1977 கலவரத்தில் எரிந்து, குடும்பம் கிளிநொச்சிக்கு வந்தது வேறு கதை.

ஒரு கேள்வி

படகில் ஏலே பகோடாவுக்குப் போனோம். திட்டைச் சுற்றிப் பெரிய பெரிய கெளுத்தி மீன்கள். வருபவர்கள் பொரி போடுகிறார்கள். அவற்றை யாரும் பிடிப்பதில்லை. பிள்ளை பொரி போட்டுக்கொண்டிருந்தவள் திரும்பி, "அம்மம்மா, வட்டிக் கடையிலை காசு திருப்பித் தராட்டி என்ன செய்வினம்?" என்று கேட்டாள்.

அம்மாவுக்குத் தெரிந்ததை அம்மா சொன்னார். நாங்கள் வாசித்து அறிந்ததை நாங்கள் சொன்னோம். 1930 இல் உலகமெங்கும் பொருளாதாரம் விழுந்தபோது நெல் விலை பாதிக்கும் கீழே போயிற்று. வயலை ஈடு வைத்த பர்மிய விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930 இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. 1938 இல் அது நூற்றுக்கு 25 ஆயிற்று. செட்டியார்களுக்கு வேண்டியது வயல் அல்ல, கொடுத்த காசு. ஆனாலும் வயலை இழந்தவனுக்கு அது ஆறுதல் ஆகாது. 1930 இலும் 1938 இலும் இந்தியருக்கு எதிராக நடந்த கலவரங்களுக்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், இந்தக் கசப்பும் அந்தக் காலத்துக் காற்றில் இருந்தது.

"அப்ப பூட்டன் அழகான எழுத்திலை எழுதின கணக்கிலை அந்த ஆக்களின்ரை வயலும் இருந்திருக்கும்" என்றாள்.

இருந்திருக்கும் என்றுதான் நாங்கள் சொன்னோம். வேறென்ன சொல்ல? சொந்த நிலத்தை விட்டு ஓடி வந்த எங்களுக்கு அந்தக் கேள்வி இலகுவாக விழுங்கக் கூடியதாக இருக்கவில்லை. தொழில் பழகுவது என்றால் கையும் கணக்கும் பழகுவது மட்டுமல்ல, அந்தத் தொழில் யாருக்கு என்ன செய்கிறது என்று பார்ப்பதும்தான் என்பதைப் பதினைந்து வயதுப் பிள்ளை எங்களுக்குச் சொல்லித் தந்தாள். கேள்வி கேட்கத் தெரியவில்லை என்று புள்ளி குறைத்தார்களே, அதே பிள்ளை!

கையெழுத்து

ஜனவரி முதற்கிழமை வீடு திரும்பினோம். ஒப்பந்தம் அதே மேசையில் அப்படியே கிடந்தது. அத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மகளைப் பக்கத்தில் இருத்தி, ஒவ்வொரு வரியாக வாசித்து மொழிபெயர்க்கச் சொன்னார். இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அவர் கேட்ட கேள்விகளில் பெரும்பாலானவை அவள் கடைப் பொறுப்பாளரிடம் கேட்ட அதே கேள்விகள்தான். கடைசியில் கையெழுத்து வைத்தார்.

புதிதாக வந்திருக்கும் பெற்றோருக்காக, அன்றிரவு அந்த மேசையில் நாங்கள் அறிந்துகொண்டவற்றைச் சுருக்கமாகத் தருகிறோம்.

ஸ்னுப்பர்லேர என்பது சில நாட்கள்தான். அதற்குச் சம்பளம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் "பயிற்சி" என்று சொல்லி மாதக் கணக்காகச் சும்மா வேலை வாங்கப் பார்த்தால், பள்ளி ஆசிரியரிடமோ மாநிலத் தொழில் ஆலோசனை நிலையத்திலோ உடனே கேட்க வேண்டும். 'லேர' என்பது எழுத்து ஒப்பந்தம். கடைக்காரரும் பிள்ளையும் பெற்றோரும் கையெழுத்து வைத்த பின் மாநில அலுவலகம் அதை அங்கீகரிக்க வேண்டும். ஆரம்பத்தில் ஒன்று முதல் மூன்று மாதம் வரை பரீட்சார்த்த காலம் உண்டு. 20 வயது முடியும் வரை வருடத்துக்குக் குறைந்தது 5 கிழமை விடுமுறை சட்டப்படி உண்டு. கடையில் நிற்கும் நாட்கள் தவிர, தொழிற்பள்ளி நாட்களும் கிழமைதோறும் உண்டு. விற்பனைத் துறையில் இரண்டு வருடப் படிப்பும் மூன்று வருடப் படிப்பும் இருக்கின்றன. எது என்று ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று வருடப் படிப்பை முடித்தவர்கள் 'பெரூஃப்ஸ்மத்தூரா' எனப்படும் தேர்வை எழுதித் தொழில்சார் உயர்கல்லூரிக்குப் போகலாம். ஆகவே இந்தப் பாதையில் போனால் கதவு பூட்டிவிடும் என்பது சரியல்ல. பல்கலைக்கழகம் போக விரும்பும் பிள்ளையை மறித்துக் கடைக்கு அனுப்புங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. போக விரும்பும் பிள்ளையை வெட்கத்துக்காக மறிக்காதீர்கள் என்றுதான் சொல்கிறோம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது: கேள்வி கேட்கச் சொல்லிப் பிள்ளைகளைப் பழக்குங்கள். இங்கே கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

அக்காவின் மகள் 2020 ஓகஸ்ட் மாதம் வேலையில் சேர்ந்தாள். கொரோனா காலம். மற்றக் கடைகள் பூட்டியபோதும் உணவுக் கடை பூட்டவில்லை. முகக்கவசத்தோடு மூன்று வருடத்தில் பெரும்பகுதியைக் கழித்து, 2023 கோடையில் சான்றிதழ் பெற்றாள். அத்தான் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினார். அவள், "அப்பா, அது வேலைக்குக் காட்டத் தேவைப்படும்" என்று சொன்ன பிறகு, பிரதி ஒன்றை மாட்டிவிட்டு மூலத்தைக் கோப்பில் பத்திரமாக வைத்திருக்கிறார்.

பர்மாவில் 2021 பெப்ரவரி 1 ஆம் திகதி இராணுவம் மறுபடியும் ஆட்சியைப் பிடித்தது. அதன் பின் நாங்கள் அங்கே போகவில்லை. சந்தைப் பெரியவரோடு அந்த வருடம் வரை பேரன்மாரின் தொலைபேசி வழியாகப் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு அந்த இலக்கம் வேலை செய்யவில்லை. கடைசியாகப் பேசியபோது, "பாப்பா காயிதம் வாங்கிடுச்சா?" என்று கேட்டார். இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, வாங்கியதும் சொல்கிறோம் என்று சொல்லியிருந்தோம். அதை இன்னும் அவருக்குச் சொல்ல முடியவில்லை.